மாமியார், இரண்டு பிள்ளைகள், இரண்டு நாள்: தரங்கம்பாடி சரிவருமா?

உறையூர் மருமகள் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். பொங்கல் கூட்டம் ஓய்ந்தபின், தை மாதக் கடைசியில் ஒரு சனி, ஞாயிறு குடும்பத்தோடு கடலோர ஊர் ஒன்றுக்குப் போய்வர நினைக்கிறோம். புறப்படுவது திருச்சியிலிருந்து. நான், கணவர், மாமியார், எட்டாம் வகுப்பு படிக்கும் மகள், ஒன்றாம் வகுப்பு படிக்கும் மகன் என ஐந்து பேர்.

மாமியாருக்கு அறுபத்தெட்டு வயது. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். சமதரையில் மெதுவாக நடப்பார். படி என்றால் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும். ராமேசுவரத்துக்குத் தீர்த்தமாடப் போனபோதும், வேளாங்கண்ணிக்கு வேண்டுதலுக்காகப் போனபோதும் கடலைப் பார்த்திருக்கிறார். இரண்டு தடவையும் கூட்டத்தோடு போய்க் கூட்டத்தோடு திரும்பியதுதான். "ஒரு தடவையாவது அவசரமில்லாமல் கடலுக்கு எதிரே உட்கார்ந்திருக்க வேண்டும்" என்று போன மாதம் சொன்னார். எங்களிடம் எதையும் கேட்டுப் பழகாதவர் அவர். அதனால் இதை நல்லபடியாகச் செய்துவிட வேண்டும் என்று மனம் கிடந்து அடித்துக்கொள்கிறது.

கணவர் புதுச்சேரி என்கிறார். எனக்குத் தரங்கம்பாடி மீது கண். மகள் 'ஐரோப்பியர்களின் வருகை' பாடத்தை இந்த ஆண்டு படித்திருக்கிறாள். டேனியர்கள் எங்கிருந்து வந்தார்கள், ஏன் போனார்கள் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். ஆனால் அங்கே இரண்டு நாளுக்குப் பார்க்க விஷயம் இருக்கிறதா? தங்க, சாப்பிட வசதி எப்படி? மகனுக்குத் தண்ணீரைக் கண்டால் கால் நிற்காது, கடலில் குளிக்கலாமா? போய்வந்தவர்களும் அந்தப் பக்கத்தில் வசிப்பவர்களும் சொல்லுங்கள்.

புதுவைக்காரன்:

உங்கள் மாமியாரின் ஆசையை மட்டும் பார்த்தால் புதுச்சேரிதான் என் பதில். கூபெர் சாலை என்கிற கடற்கரைச் சாலையில் மாலை ஆறு மணிக்கு மேல் வாகனங்களை விட மாட்டார்கள். சமதளமான நீண்ட சாலை, உட்காரக் கட்டைச்சுவர், பக்கத்திலேயே காந்தி சிலை, 1836-ல் கட்டிய பழைய கலங்கரை விளக்கம். கால் வலித்தால் இரண்டு தெரு தள்ளி ஓர் உணவகத்தில் போய் உட்காரலாம். உங்கள் மகளுக்குப் பாரதியார் வாழ்ந்த வீடு இருக்கிறது. 1908 முதல் 1918 வரை அவர் இங்கேதான் இருந்தார். பிரெஞ்சு ஆட்சி 1954 நவம்பர் 1 அன்று கைமாறிய கதையைக் கேட்டால் டேனியர் கதையைவிட விறுவிறுப்பாகவே இருக்கும்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சனி, ஞாயிறு என்றால் ஊர் நிரம்பி வழியும். அறை வாடகை ஏறிவிடும், வண்டி நிறுத்த இடம் தேடியே பாதி மாலை போய்விடும். திங்கள், செவ்வாயில் வர முடிந்தால் யோசிக்காமல் வாருங்கள்.

பொறையார் வாத்தியார்:

சகோதரி, நான் தரங்கம்பாடிக்குப் பக்கத்து ஊர்க்காரன். பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். என் வகுப்புப் பிள்ளைகளை ஆண்டுதோறும் அந்த ராஜா வீதியில் நடத்திக் கூட்டிப்போயிருக்கிறேன். ஆகவே என் பதில் ஒரு பக்கம் சாய்ந்துதான் இருக்கும். அதைத் தெரிந்துகொண்டே படியுங்கள்.

தரங்கம்பாடிக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் வேளாங்கண்ணிக்கோ திருநள்ளாற்றுக்கோ போகிற வழியில் வண்டியை நிறுத்தி, கோட்டை முன்னால் படம் எடுத்துக்கொண்டு, வெயிலில் வாடி, "இங்கே என்ன இருக்கிறது?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். அவர்கள் வருகிற நேரம் பகல் பன்னிரண்டு. அந்த நேரத்தில் அங்கே ஒன்றும் இல்லைதான். இந்த ஊர் மாலை நாலரைக்குமேல் தொடங்கி மறுநாள் காலை ஒன்பதரைக்கு முடிகிற ஊர். இரவு அங்கேயோ பக்கத்திலோ தங்குகிறவர்களுக்கு மட்டும்தான் அது தன்னைக் காட்டும். ஒரு மாலை, ஒரு காலை இரண்டையும் தரங்கம்பாடிக்குக் கொடுத்துவிட்டு, நடுப்பகலை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஒன்றைக் கேட்டுக்கொண்டால் உங்கள் மாமியார் கேட்டது கிடைத்துவிடும்.

மாலையில் ஊருக்குள் நுழையும்போது வாயிலிலேயே இறங்கிக்கொள்ளுங்கள். வெள்ளையடித்த அந்த நகரவாயில் 1792-ல் எழுப்பியது. மேலே டென்மார்க் அரச முத்திரை இருக்கிறது. அங்கிருந்து ராஜா வீதி நேராகக் கடலைப் பார்த்துப் போகிறது. பொடிநடையாக நடந்தாலே கடைசிக்கு வந்துவிடலாம். நடக்க முடியாவிட்டால் மாமியாரை வண்டியிலேயே கோட்டைத் திடலுக்கு அனுப்பிவிடுங்கள். நீங்கள் பிள்ளைகளோடு நடந்து வாருங்கள். வழியிலேயே 1701-ல் கட்டிய சீயோன் ஆலயமும் 1718-ல் எழுந்த புதிய எருசலேம் ஆலயமும் வரும். இரண்டாவது ஆலயத்தின் முகப்பை அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். கிரீடமும் அதன்கீழ் பின்னிய எழுத்தும் தெரியும். அது அப்போதைய டென்மார்க் அரசர் நான்காம் பிரெடரிக்கின் பெயர்ச்சின்னம். உள்ளே பலிபீடத்துக்கு அருகில், கிறித்தவ சமயம் பரப்ப வந்த பாதிரியார் சீகன்பால்க்கின் கல்லறை.

இந்தச் சீகன்பால்க் கதையை உங்கள் இரண்டு பிள்ளைகளுக்கும் சொல்லாமல் திரும்பாதீர்கள். 1706 ஜூலை 9-ல், இருபத்து நான்கு வயது நிறைகிற தறுவாயில், ஜெர்மனிக்காரரான அவர் இங்கே கரையிறங்கினார். தமிழ் ஓர் எழுத்தும் தெரியாது. உள்ளூர் வாத்தியார் ஒருவரை அமர்த்திக்கொண்டு, திண்ணைப்பள்ளிப் பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதிப் பழகினார். உங்கள் மகன் ஒன்றாம் வகுப்பில் இருக்கிறான் அல்லவா? கடற்கரையில் ஈரமணலில் அவனையும் எழுத விடுங்கள். வெளிநாட்டுப் பெரியவர் ஒருவர் இதே ஊரில் இப்படித்தான் 'அ' எழுதினார் என்று சொல்லுங்கள். என் மாணவர்களில் ஒருவன் நாற்பது வயதுக்குமேல் என்னைச் சந்தித்து, பாடத்தில் வேறெதுவும் நினைவில்லை, இது மட்டும் நினைவிருக்கிறது என்றான்.

மகளுக்கு அடுத்த பகுதி. ஊரை ஆண்ட டேனியத் தளபதிக்கும் இவருக்கும் ஒத்துப்போகவில்லை. 1708-ல் பிடித்து நான்கு மாதம் இதே கோட்டையில் அடைத்து வைத்தார்கள். வெளியே வந்த மனிதர் ஊரைவிட்டு ஓடவில்லை, அச்சகம் வைத்தார். இங்கிலாந்திலிருந்து அச்சு இயந்திரம் வந்தது. தமிழ் எழுத்துகளை ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்து அனுப்பினார்கள். வந்த எழுத்துகள் பெரிது பெரிதாக இருந்தன. அந்த அளவில் அச்சிட்டால் கப்பலில் வருகிற காகிதம் எப்படிப் போதும்? ஆகவே இங்கேயே சின்ன எழுத்துகளை வார்த்தார்கள். ஈயம் பற்றாமல், இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டியின் ஈய உறைகளை உருக்கிச் சேர்த்தார்கள் என்று அச்சு வரலாறு எழுதியவர்கள் குறித்திருக்கிறார்கள். காகிதத்துக்கும் பட்டறை வைத்தார்கள். பொறையார்ப் பக்கத்தில் கடுதாசிப்பட்டறை என்ற இடத்தின் பெயர் இன்றைக்கும் புழக்கத்தில் இருக்கிறது. தமிழில் புதிய ஏற்பாடு 1715-ல் முழுமையாக அச்சாகி வந்தது. 1719-ல் அவர் இறந்தபோது வயது முப்பத்தாறு.

கோட்டைக்கு வருவோம். தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் 1620-ல் உடன்படிக்கை செய்துகொண்டு டேனியர்கள் கட்டியது டேன்ஸ்பர்க் கோட்டை. கீழே சாமான் கிடங்கு, வெடிமருந்து, சிறை. மேலே அதிகாரிகளின் இருப்பிடம். உள்ளே மாநிலத் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இருக்கிறது. வெள்ளிக்கிழமைதான் விடுமுறை, நீங்கள் வருகிற சனி, ஞாயிறில் தடையில்லை. ஆனால் மாலையில் மூடிவிடுவார்கள். எனவே அதை மறுநாள் காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மகள் கேட்ட இரண்டாவது கேள்விக்கும் விடை சொல்லிவிடுகிறேன். வணிகம் படுத்துவிட்டது. ஐரோப்பியப் போர்களின்போது ஆங்கிலேயர்கள் ஊரைப் பிடித்து, பல ஆண்டுகள் வைத்திருந்து திருப்பிக் கொடுத்தார்கள். கட்டிக் காக்க முடியாமல் 1845-ல் வங்காளத்துச் செராம்பூரோடு சேர்த்து டேனியர்கள் ஆங்கிலேயருக்கே விற்றுவிட்டார்கள். சண்டை போட்டுப் பிடுங்கவில்லை, விலைக்கு வாங்கினார்கள். இந்த இடத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் நிச்சயம் நிமிர்ந்து உட்காருவார்கள்.

உங்கள் மாமியாருக்கான இடம் கோட்டைக்கு முன்னால் உள்ள திடல். வெயில் தாழ்ந்ததும் காற்று எழும்பும். ஊர்ப்பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருப்பார்கள். அவரை யாரும் "நகருங்கள்" என்று சொல்லப்போவதில்லை. கோட்டை மதில்மேல் ஏறினால் கடல் விரிந்து தெரியும் என்பது உண்மைதான். அதற்காக அந்த முழங்காலை வருத்த வேண்டாம்.

உறையூர் மருமகள்:

ஐயா, மிக்க நன்றி. உங்கள் பதிலைக் கணவருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் இப்போது பாதி சாய்ந்திருக்கிறார். இன்னும் மூன்று சந்தேகங்கள். கடற்கரையில் கோயில் ஒன்று இருப்பதாகச் சொல்கிறார்களே, மாமியார் அங்கே போக முடியுமா? தமிழின் முதல் அச்சுப் புத்தகம் வெளிவந்தது தரங்கம்பாடியில்தான் என்று மகள் எங்கோ படித்திருக்கிறாள், அது சரியா? தரங்கம்பாடிக் காற்றில் ஓசோன் அதிகம், மூச்சுக்கு மிக நல்லது என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். மாமியாருக்கு இலேசான இளைப்பும் உண்டு என்பதால் கேட்கிறேன்.

வைகைக்கரையாள்:

ஊன்றுகோலோடு நடக்கிற என் அப்பாவை அங்கே கூட்டிப்போய் வந்தவள் என்ற முறையில், வாத்தியார் ஐயா விட்டுவிட்டதைச் சொல்கிறேன். மடக்கு நாற்காலி ஒன்று கட்டாயம் எடுத்துப்போங்கள். திடலில் நல்ல இருக்கை கிடைக்கும் என்று நம்பிப் போக வேண்டாம். மணலில் தாழ உட்கார்ந்தால் முழங்கால் தேய்ந்தவர்கள் எழுந்திருக்கவே முடியாது. இரண்டு பேர் தூக்க வேண்டியிருக்கும், அது அவர்களுக்குக் கூச்சம். அப்பா நாற்காலியில் சாய்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மணலில் புதைத்துக்கொண்டார். இருட்டுகிறது என்று நாங்கள் சொல்லும்வரை எழுந்திருக்கவில்லை.

கழிப்பறைக்குத் தங்கும் அறையை நம்புவதே நல்லது. அதனால் அறை ஊருக்குள்ளேயோ மிக அருகிலோ இருப்பது வயதானவர்களுக்குப் பெரிய உதவி. ஊரிலேயே பழைய பங்களாக்களைச் செப்பனிட்டு நடத்தும் தங்குமிடங்கள் உண்டு. அழகானவை; ஆனால் செலவு அதிகம், அறைகளும் கொஞ்சம்தான். நாங்கள் வேறொரு விடுதியில் கடல் தெரியும் அறை என்று சொன்னதைக் கேட்டு முன்பணம் கட்டினோம். போய்ப் பார்த்தால் அறை மாடியில் இருந்தது. படியில் கைப்பிடிகூட இல்லை. எதிரே கடல் தெரிந்தது, ஆனால் அப்பாவால் ஏற முடியவில்லை. மாற்று அறை தருவதற்குள் அங்கிருந்தவர்கள் எங்களைப் படாதபாடு படுத்திவிட்டார்கள்.

குளிர்கண்ணாடியும் தொப்பியும் மறக்க வேண்டாம். பத்து மணிக்குமேல் அந்தத் திடலில் ஒதுங்க நிழலே இல்லை.

காரைக்கால் காற்று:

போக்குவரத்து பற்றி யாரும் பேசவில்லையே. திருச்சியிலிருந்து தஞ்சாவூர், கும்பகோணம் வழியாக மயிலாடுதுறைக்கு ரயிலில் வந்துவிடலாம். அங்கிருந்து சாலைவழி முப்பது கிலோமீட்டருக்குள்தான். பொறையார் பஸ் அடிக்கடி உண்டு. ஐந்து பேருக்கு வாடகைக் கார் பிடித்துவிட்டால் அம்மாவுக்குச் சிரமமில்லை. தஞ்சை, திருவாரூர், நாகப்பட்டினம் வழியாகக் காரைக்காலுக்கே வருகிற ரயிலும் இருக்கிறது. இங்கிருந்து தரங்கம்பாடி பதினைந்து கிலோமீட்டர் அளவுதான்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை தரங்கம்பாடியில் கடைகள் குறைவு. காலை இட்லி, பொங்கலுக்குப் பொறையார் போதும். மதியம் காரைக்காலுக்கு வந்துவிடுங்கள். சைவம், அசைவம் இரண்டும் கிடைக்கும். இதுவும் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர்தான். உங்கள் கணவர் புதுச்சேரி என்று கேட்டதற்கு இது கொஞ்சம் ஈடாகும். அரசலாறு கடலில் சேரும் இடத்தில் ஆற்றோரமாக நடைபாதை போட்டிருக்கிறார்கள். தெருவுக்குள் காரைக்கால் அம்மையார் கோயிலும் இருக்கிறது. அம்மா விரும்பினால் அம்மையாரைக் கும்பிட்டுவிட்டு, மதிய உணவு முடித்து, அறைக்குப் போய் ஓய்வெடுக்கலாம். காரில் வருவதாக இருந்தால் பெட்ரோலையும் இங்கேயே போட்டுக்கொள்ளுங்கள், விலை குறைவு.

பொறையார் வாத்தியார்:

மடக்கு நாற்காலி யோசனை அருமை. அதை நான் சொல்லியிருக்க வேண்டும். சகோதரியின் சந்தேகங்களுக்கு வருகிறேன்.

கடற்கரைக் கோயில் என்பது மாசிலாமணிநாதர் கோயில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306-ல் எழுந்தது. அப்போது கடல் இவ்வளவு அருகில் இல்லை. தலைமுறை தலைமுறையாகக் கரை அரித்து, கோயிலின் முன்பகுதிகள் ஒவ்வொன்றாகக் கடலுக்குள் போயின. சின்ன வயதில் நான் பார்த்த கற்கள் சில இப்போது இல்லை. எஞ்சியதைச் சீரமைத்து, அலையைத் தாங்கக் கருங்கற்களைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். டேனியர்கள் வருவதற்கு முந்நூறு ஆண்டுக்கு முன்பே இது துறைமுக ஊர் என்பதற்கு அந்தக் கோயிலே சாட்சி. டேனியர்தான் இந்த ஊரை உண்டாக்கினார்கள் என்று யாராவது உங்கள் மகளிடம் சொன்னால், அவளை அந்தச் சன்னிதிக்குக் கூட்டிப்போய் நிறுத்துங்கள். காலையில் இளவெயிலில் போவது நல்லது. மாமியாருக்கு ஒரு கை கொடுத்து மெதுவாக அழைத்துப்போங்கள். அந்தக் கருங்கற்கள் பக்கம் மட்டும் யாரும் போகக் கூடாது. பாசி படிந்து வழுக்கும், இடுக்கில் கால் மாட்டினால் எலும்பு முறியும்.

முதல் புத்தகம் பற்றி. தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகம் இங்கே வரவில்லை. 1578-ல் கொல்லத்தில் போர்ச்சுக்கீசியப் பாதிரியார் அன்ரிக் அன்ரிக்கஸ் அச்சிட்ட 'தம்பிரான் வணக்கம்' அது. தரங்கம்பாடிக்கு உரிய பெருமை வேறு. இடையில் படுத்துப்போயிருந்த தமிழ் அச்சு வேலையை மறுபடி தொடங்கி, இடைவிடாமல் நடத்திய ஊர் இது. பள்ளிப்பிள்ளைகளுக்கான புத்தகம், பஞ்சாங்கம் என்று பலவும் இங்கே அச்சாகின. இந்த ஊரின் உண்மையான பெருமையே போதுமானது. இல்லாததைச் சேர்த்துச் சொல்வது எனக்குப் பிடிக்காது. சீகன்பால்க் வாழ்ந்த வீட்டை இப்போது அருங்காட்சியகமாக ஆக்கியிருக்கிறார்கள். அங்கே அச்சுக்கலை பற்றியும் ஓலைச்சுவடி பற்றியும் பார்க்கலாம். திறந்திருக்கும் நேரத்தை முதல்நாளே அங்கே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஓசோன் விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். எங்கள் ஊருக்கு அந்தப் பேச்சு ஒட்டிக்கொண்டுவிட்டது, சொல்லிச் சொல்லி எல்லாரும் நம்புகிறார்கள். ஓசோன் என்பது நாம் சுவாசிக்கிற உயரத்தில் அதிகமாக இருந்தால் நுரையீரலைப் புண்படுத்தும் வாயு. இளைப்பு உள்ளவர்களுக்கு அது இன்னும் கெடுதல். கடற்காற்று நல்ல காற்று, புகையும் புழுதியும் இல்லாத காற்று, அதற்காகவே வாருங்கள். இளைப்புக்கு வழக்கமாக எடுக்கிற மருந்தைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். தை மாத விடியற்காலை பனி இருக்கும். தலைக்கு ஒரு சால்வை, காதுக்குப் பஞ்சு. சூரியன் ஆறரை மணியை ஒட்டித்தான் வரும், ஐந்து மணிக்கே எழுப்ப வேண்டியதில்லை.

இனி உங்கள் மகன். முதல் பதிலில் நான் இதைச் சொல்லாமல் விட்டது தனியாகச் சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான். எங்கள் கடலில் குளிக்க வேண்டாம். கரை சட்டென்று சரியும். அலை வந்து அடிப்பதைவிடத் திரும்பிப் போகும்போது இழுக்கிற வேகம் அதிகம். காலுக்கடியில் மணல் ஓடுவது உங்களுக்கே தெரியும். கோட்டையை ஒட்டிய பகுதியில் தண்ணீருக்குள்ளும் கற்கள் கிடக்கின்றன. மேலே அமைதியாகத் தெரிகிற நாளில்கூட மீனவர்கள் தங்கள் பிள்ளைகளை அந்த இடத்தில் இறங்க விடுவதில்லை. கணுக்கால் நனைய நிற்கட்டும், அதுவும் உங்களில் ஒருவர் அவன் கையைப் பிடித்திருக்கும்போது மட்டும். படம் எடுப்பதற்காக அந்தக் கையை விடாதீர்கள். 2004 டிசம்பர் 26 காலை என் தெருவிலும் பள்ளியிலும் நடந்ததை நான் இங்கே எழுதப்போவதில்லை. அன்றைக்குப் பிறகு எங்கள் ஊர்க் கடலை யாரும் விளையாட்டாகப் பேசினால் என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடிவதில்லை. கடலை விரும்புகிறவன்தான் இதைச் சொல்கிறேன்.

மகனுக்கு ஏமாற்றமாக இருக்குமே என்றால், காலையில் மீன்பிடித் துறைமுகத்தின் பக்கம் கூட்டிப்போங்கள். படகுகள் கரைசேர்ந்து, வலையிலிருந்து மீனை உதறி எடுத்து, ரகம் ரகமாகப் பிரித்துக் கூடையில் கொட்டுவார்கள். ஏலம் விடுகிற அக்காக்களின் குரலே ஒரு காட்சி. வேலை செய்கிறவர்களுக்கு வழிவிட்டு ஓரமாக நின்றால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். படம் எடுப்பதென்றால் கேட்டுவிட்டு எடுங்கள்.

புதுவைக்காரன்:

வாத்தியார் ஐயா எழுதியதைப் படித்தபின் நானே தரங்கம்பாடிக்கு ஓட்டுப் போடுகிறேன். ஒரு கேள்வி. திருக்கடையூர் பக்கத்தில்தானே இருக்கிறது? அம்மாவுக்கு அறுபத்தெட்டு என்கிறார்கள், அபிராமியைப் பார்க்காமல் திரும்புவார்களா?

பொறையார் வாத்தியார்:

மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு வருகிற வழியிலேயே திருக்கடையூர் வந்துவிடும். தனியாகப் பயணம் வேண்டாம். ஒரு காலத்தில் அந்த வழியில் ரயிலே ஓடியது. 1926-ல் தொடங்கிய பாதை, 1986-ல் நிறுத்திவிட்டார்கள். மறுபடி வரும் என்று நாங்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறோம்.

முகூர்த்த நாளாக இருந்தால் அறுபதாம் கல்யாணமும் எண்பதாம் கல்யாணமுமாகக் கோயில் கொள்ளாது. மாலையும் கழுத்துமாகத் தாத்தா பாட்டிகளும் சுற்றிலும் பேரப்பிள்ளைகளுமாக அது ஒரு நல்ல காட்சிதான். ஆனால் முழங்கால் வலிக்காரர் அந்த நெரிசலில் நிற்க முடியாது. பஞ்சாங்கத்தைப் பார்த்து முகூர்த்தமில்லாத நாளாக எடுத்துக்கொண்டால், சனிக்கிழமை வரும் வழியில் நிதானமாகத் தரிசனம் செய்யலாம். பகலில் நடை சாத்துவதற்குள் போய்விட வேண்டும், அவ்வளவுதான். தரங்கம்பாடியில் அறை கிடைக்காவிட்டால் தங்குவதற்கும் திருக்கடையூர்தான் கைகொடுக்கும். கல்யாணக் கூட்டத்துக்காகவே விடுதிகள் நிறைய. அதுவும் முகூர்த்த நாளில் கிடைக்காது.

பூம்புகார், நாகூர், வேளாங்கண்ணி என்று பட்டியலை நீட்டுவார்கள். எல்லாம் பக்கம்தான், எல்லாம் பார்க்க வேண்டியவைதான். இந்தத் தடவை வேண்டாம். உங்கள் மாமியார் கேட்டது அவசரமில்லாத கடல். இன்னொரு ஊரைச் சேர்க்கிற ஒவ்வொரு தடவையும் அந்த மாலையிலிருந்து ஒரு மணி நேரம் போகும்.

உறையூர் மருமகள்:

எல்லாருக்கும் நன்றி. முடிவு செய்துவிட்டோம். முகூர்த்தமில்லாத சனிக்கிழமையாகப் பார்த்து, காலை ரயிலில் மயிலாடுதுறை. அங்கிருந்து காரில் திருக்கடையூர் தரிசனம், மதிய உணவு, தரங்கம்பாடியில் அறை, ஓய்வு. மாலை முழுவதும் திடல். ஞாயிறு காலை கடற்கரை, கோயில், மீன்பிடித் துறைமுகம், கோட்டை அருங்காட்சியகம். வெயில் ஏறியதும் காரைக்காலில் சாப்பிட்டுவிட்டு அங்கிருந்தே ரயில்.

மாமியாரிடம் சொன்னதும் முதலில் "எனக்காகவா இவ்வளவு செலவு?" என்றார். பிறகு நாற்காலியைத் தானே கடைக்கு வந்து உட்கார்ந்து பார்த்துத்தான் வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். மகள் அந்த ஈய உறைக் கதையை வகுப்பில் சொல்லப்போகிறாளாம். கணவருக்கும் திருப்தி, காரைக்காலில் மீன் குழம்பு உண்டா என்று மட்டும் கேட்கச் சொன்னார்.

காரைக்கால் காற்று:

மீன் குழம்பு இல்லாமல் காரைக்காலா? வாருங்கள். ஞாயிறு மதியம் கூட்டம் இருக்கும் என்பதால் பன்னிரண்டரைக்கே கடைக்குள் உட்கார்ந்துவிடுங்கள். ரயில் நேரம் மாறுவதுண்டு. டிக்கெட் எடுப்பதற்குமுன் அன்றைய நிலவரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வைகைக்கரையாள்:

அறை முன்பதிவு செய்யும்போது கீழ்த்தளம் என்று கேட்டு, அதை எழுத்திலும் வாங்கிக்கொள்ளுங்கள். கழிப்பறை மேல்நாட்டு வகையா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.